கொக்கி திறந்த ஓவன் கதவு

கொக்கியிடம் அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்டால், தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். கொக்கி என்பது பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணப் பத்திரிகையில் அதையும் சேர்த்து அச்சடித்த பிறகுதான், மாப்பிள்ளை யாரென்று அவன் பக்கத்து உறவுக்காரர்களுக்கே விளங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பூசிச் சுடுகிற பட்டறை அது. தோட்டத்து நாற்காலி, சைக்கிள் சட்டம், கட்டில் கால், தபால் பெட்டி என்று எது வந்தாலும் முதலில் அவன் கைக்குத்தான் வரும். சக்கரம் வைத்த பெரிய சட்டத்தில், கம்பிக் கொக்கிகளில் அவற்றை ஒவ்வொன்றாக மாட்டித் தொங்கவிடுவது அவன் வேலை. அதற்கப்புறம் வேறொருவர் வண்ணப் பொடியைத் தூவுவார். கடைசியில் சட்டத்தோடு ஓவனுக்குள் தள்ளிவிடுவார்கள். ஓவன் என்றால் சாதாரண ஓவன் இல்லை. ஒரு கல்யாண கோஷ்டியே உள்ளே போய்ச் சீட்டாடலாம், அவ்வளவு பெரிசு. அதற்குள் பொடி உருகி, இரும்புக்கு இன்னொரு தோலாகிவிடும்.

அந்தப் பட்டறைக்கு இரண்டே விதி. சாமானும் சாமானும் தொடக்கூடாது. தொட்ட இடம் சொட்டை விழும். அடுத்தது, சூடேறிய பிறகு கதவைத் திறக்கக்கூடாது. புதிதாக வந்த ஒருத்தன் ஒருமுறை, உள்ளே என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்கக் கதவைத் திறந்தான். அன்றைக்குச் சுட்ட நாற்காலிகளெல்லாம் அம்மை போட்ட மாதிரி வெளியே வந்தன. அவனுடைய இடது புருவம் போனது போனதுதான். தினமும் காலையில் அவன் மனைவி பென்சிலால் ஒரு புருவம் வரைந்து வேலைக்கு அனுப்புகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை என்பதால், அன்று யாரும் அவனைக் கடைத்தெருவில் பார்த்ததில்லை.

இந்த இரண்டு விதியும் கொக்கியின் ரத்தத்தில் ஊறிவிட்டன. வீட்டில் துணி காயப்போட்டால் சட்டைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். கல்யாணப் போட்டோவுக்கு நின்றபோதுகூட, "கொஞ்சம் தள்ளித் தள்ளி நில்லுங்க, ஒட்டிக்கப் போவுது" என்று சொல்லி, பெரிய மாமனாரின் கோபத்தைச் சம்பாதித்தவன். ஆனால் ஒரு வேடிக்கை. நாள் முழுக்க ஓவன் வாசலில் நிற்கிறவன், வீட்டு ஓவனை ஒருநாளும் தொட்டதில்லை. அதற்குள் கைப்பிடி போன வாணலிகளும் ஒரு மூடியில்லாத குக்கரும் வாடகையில்லாமல் குடியிருந்தன. சமையலறை மனைவியின் ராஜ்ஜியம். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் அவன் எல்லையைத் தாண்டுவான்.

மனைவி டிராம் கம்பெனியில் சீட்டுக் கொடுக்கிறவளாக இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் சீட்டுக் கிழித்துக் கொடுத்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. ஒருநாள் திடீரென்று டிராம் ஓட்டுகிற பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தாள். முதல் தடவை தோற்றாள். இரண்டாவது தடவை ஜெயித்தாள். காலியாக இருந்தது சாயங்கால வண்டி ஒன்றுதான். ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும், அதற்கப்புறம் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறாளா இல்லையா என்று சொல்லட்டும் என்றார்கள்.

முதல்நாள் ஓட்டிவிட்டு வந்தவள் கால்கூடக் கழுவாமல் சொன்னாள்: "முன்னாடி கண்ணாடி முழுக்க வானந்தாங்க! ரோடு தானா ஓடி வந்து காலடியில விழுது. எனக்குன்னே விழுற மாதிரி இருக்கு."

கொக்கி அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாணமான புதிதில்கூட அந்த முகத்தில் அத்தனை வெளிச்சத்தைப் பார்த்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. அதில் கொஞ்சம் வருத்தமும் நிறைய சந்தோஷமும் அவனுக்கு.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. அவள் வண்டியெடுக்கிற நேரமும் வீடு பசிக்கிற நேரமும் ஒன்றாகிப் போயின. ஒருநாள் ரொட்டியும் ஜாமும். மறுநாள் ஜாமும் ரொட்டியும். இடையில் ஒருநாள், கறிக்கடை வைத்திருக்கிற அவள் தம்பி ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினான். மற்றபடி ரொட்டிதான். ஏழாவது படிக்கிற மகள் ஒருநாள் தட்டை அப்படியே வைத்துவிட்டு மேஜைமேல் தலைசாய்த்துத் தூங்கிப்போயிருந்ததை, வேலை முடிந்து வந்த அம்மா பார்த்துவிட்டாள். அன்றோடு அவள் வானத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை டிப்போல பதில் சொல்லணும்" என்றாள் ஞாயிற்றுக்கிழமை காலையில். "வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்."

"எதுக்கு வேணாம்? சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?" அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வெந்நி வெச்சீங்களே, பாத்திரத்துல தண்ணி ஊத்த மறந்துட்டு?"

"அது போன வருஷம்."

"பாத்திரம் இன்னும் இருக்கு. அடியில ஓட்டையோட."

கொக்கி மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாடுவதற்கென்று அந்த வீட்டில் வேறொரு ஆள் இருந்தாள். மகளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். பல் டாக்டரிடம் பேசிப் பேசியே தன் பல்லுக்கு ஜாமீன் வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். டாக்டர் குறடைக் கீழே வைத்துவிட்டு, தன் வீட்டுத் தகராறு ஒன்றுக்கு அவளிடமே யோசனை கேட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகளும் கடைக்குப் போனார்கள். விலை குறைத்து வைத்திருந்த கூடையில் மெல்லிய கோதுமை ரொட்டிப் பாக்கெட் ஒன்று கிடந்தது. அதன் முதுகில் ஒரு படம்: ஒரு தட்டு நிறையக் கோழித் துண்டு, சிவப்பும் பச்சையுமாகக் குடைமிளகாய், வெங்காயம். கீழே 'சிக்கன் ஃபஹீட்டா: ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட, ஓவனில் சுலபமாக' என்று எழுதியிருந்தது.

"ஓவன்ல!" என்றான் கொக்கி. மூன்று வாரமாகக் கூனியிருந்த அவன் முதுகு அந்த இடத்திலேயே நிமிர்ந்தது. "நம்ம தொழிலு!"

வீட்டுக்கு வந்து வாணலிகளையும் குக்கரையும் காலி செய்யவைத்தார்கள். கோழியையும் காய்களையும் நீள நீளமாக நறுக்கினான். நறுக்குவதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டையும் சுண்டுவிரலோடு அளந்து பார்த்தே நறுக்கினான். எண்ணெய், மிளகாய்த்தூள், சீரகத்தூள், நசுக்கிய பூண்டு, உப்பு போட்டுப் பிசறினான். வக்கீல் பாக்கெட்டைப் படித்துச் சொன்னாள்: "துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு வைக்கவும்."

"இதை எனக்குச் சொல்லித் தரானாக்கும்!" என்று சிரித்தான் கொக்கி.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தட்டில் பரப்பியிருப்பார்கள். கொக்கிக்கு அப்படியொரு வழி உலகத்தில் இருப்பதே தோன்றவில்லை. ஒட்டாமல் இருக்கவேண்டும் என்றால் தொங்கவேண்டும், இதிலென்ன சந்தேகம்? புதுக்கம்பியை வெட்டி, வளைத்து, கொதிக்கிற தண்ணீரில் கழுவி, வரிசையாகக் கொக்கி செய்தான். ஓவனின் மேல்தட்டுக் கம்பிகளில் கோழித்துண்டு ஒன்று, குடைமிளகாய் ஒன்று, வெங்காயம் ஒன்று என்று மாட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஏதோ பொம்மைக் கல்யாணத்துக்குத் தோரணம் கட்டின மாதிரி.

"அப்பா, படத்துல தட்டு இருக்கு" என்றாள் வக்கீல்.

"படம் வரைஞ்சவன் பட்டறையில வேலை பாத்திருக்க மாட்டான்."

கதவைச் சாத்தினான். சற்று நேரத்தில் வெங்காயம் இளகிக் கொக்கியைவிட்டு நழுவியது. அடுத்து மிளகாய் குதித்தது. கோழியிலிருந்து எண்ணெயும் மசாலாவும் சொட்டுச் சொட்டாக ஓவனின் சூடான தரையில் விழுந்து சீறின. புகை முதலில் நூல் மாதிரி வந்தது, பிறகு கயிறு மாதிரி. அதற்கப்புறம் சமையலறையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. கூரையிலிருந்த அலாரம் கத்தத் தொடங்கியது. மாடி வீட்டிலிருந்து யாரோ ஒரு வாளித் தண்ணீரோடு இறங்கி வந்து, எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் செருப்பு ஸ்டாண்டில் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

"அப்பா, கதவைத் தொறங்க!"

"கூடாது! தொறந்தா சூடு போயிடும்!"

"சூடா? வீடே போயிடும்பா!"

ஆனால் கொக்கி ஓவன் கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் நின்றான். எத்தனையோ வருஷப் பழக்கம் அவன் காலைப் பிடித்து வைத்திருந்தது. கடைசியில் வக்கீல்தான் சுவிட்சை அணைத்தாள். எல்லாம் அடங்கியபின் திறந்து பார்த்தபோது, கோழித்துண்டுகள் மரத்தில் தொங்குகிற வௌவால்கள் மாதிரி வரிசையாகக் கறுத்துத் தொங்கின. ஒன்றையொன்று தொடவில்லை. அந்த ஒரு திருப்தியோடு இருவரும் ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை மனைவி சண்டை போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஓவன் தரையைச் சுரண்டிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்: "விடுங்க. சீட்டுக் கவுன்ட்டர் ஒண்ணும் மோசமில்ல. காத்தாடி இருக்கு."

காத்தாடி இருக்கிறதாம்! கொக்கிக்கு அன்று பட்டறையில் வேலை ஓடவில்லை. தபால் பெட்டி ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டான். வேலை முடிந்ததும் நேராக மச்சானின் கறிக்கடைக்குப் போனான்.

நடந்ததைக் கேட்ட மச்சான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கல்லாமேல் குப்புற விழுந்து சிரித்தான். கறி வாங்க நின்றிருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமலேயே கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

"மாமா, தொங்கவிட்டீங்களா? அதுங்க என்ன பண்ணுச்சு, ஊஞ்சல் ஆடுச்சா?"

"சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லு மாப்ள. உங்க அக்கா வண்டியை விடப் போறா."

மச்சானின் சிரிப்பு நின்றது. அக்கா சிறுமியாக இருந்தபோது இரண்டு நாற்காலியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு டிராம் ஓட்டியதும், பின்நாற்காலிப் பயணியாகத் தான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்ததும் அவனுக்கு மறக்கவில்லை.

"இங்க பாருங்க மாமா. நெஞ்சுக்கறி வாங்காதீங்க. விலையும் ஜாஸ்தி, சட்டுனு வறண்டும் போயிடும். எலும்பு எடுத்த தொடைக்கறி தரேன், பாதி விலையில முடிஞ்சிடும். துணியால ஒத்தி ஈரத்தை எடுங்க. தட்டுல பரப்புங்க. குவிச்சீங்கன்னா அது வேகாது, தன் தண்ணியிலேயே குளிக்கும். எடம் பத்தலைன்னா ரெண்டு தட்டா வைங்க."

"தொடக்கூடாது. அது சரிதான்."

"ஓவன் நல்லா சூடானப்புறம் உள்ள வைங்க. நடுவுல ஒரு தரம் கதவைத் தொறந்து, எல்லாத்தையும் பொரட்டி விடணும்."

கொக்கியின் முகம் மாறியது. "தொறக்கணுமா?"

"தொறக்காம எப்படிப் பொரட்டுவீங்க? பூட்டுத் துவாரம் வழியாவா?"

"சூட்டோடயா?"

"ஆறின பிறகு பொரட்டினா மறுபக்கம் எப்படி வேகும், மாமா?"

புதன்கிழமை முழுக்கக் கொக்கி அந்தக் கதவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான். கறி வாங்கிவிடலாம், நறுக்கிவிடலாம், பரப்பிவிடலாம். ஆனால் எரிகிற ஓவனின் கதவை நட்டநடுவில் திறப்பது என்றால், அவனைப் பொறுத்தவரை ஓடுகிற டிராமிலிருந்து குதிப்பதற்குச் சமம்.

வியாழக்கிழமை வந்தது. இதுதான் கடைசி நாள். மறுநாள் மனைவி டிப்போவில் பதில் சொல்லிவிடுவாள். கடையில் தோல் கொஞ்சம் சுருங்கியதால் விலை குறைத்த குடைமிளகாய்களைப் பொறுக்கினான். அடுப்பில் வாடப்போகிறது முன்கூட்டியே வாடியிருந்தால் என்ன? தொடைக்கறியைத் துணியால் ஒத்தினான். சுண்டுவிரல் அளவுக்கு நறுக்கினான். மசாலா பிசறி, இரண்டு தட்டில் பரப்பினான். எல்லாத் துண்டும் ஒரே திசை பார்த்து, அணிவகுப்புக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன. வக்கீல் ஒரு கையால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையைச் சுவிட்ச் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

தட்டுகள் உள்ளே போயின. கொஞ்ச நேரத்தில் சலசலவென்று சத்தம் கேட்டது. புரட்டுகிற நேரம் வந்தது. கொக்கி கைப்பிடியில் கைவைத்தான். வைத்த கை அங்கேயே நின்றது.

"அப்பா."

"இரு."

"என்ன பயம்?"

"புருவம்" என்றான் கொக்கி, மெதுவாக.

வக்கீல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "போச்சுன்னா நான் வரைஞ்சு விடறேன். ஞாயிற்றுக்கிழமையும்."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இழுத்தான். சூடு முகத்தில் மோதிவிட்டுப் போனது, அவ்வளவுதான். அம்மை போடவில்லை, சொட்டை விழவில்லை. கோழித்துண்டுகளின் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. கரண்டியால் அவன் ஒவ்வொன்றாகப் புரட்டினான். மொத்தமாகக் கிளறிவிட மனது வரவில்லை. அடிப்பக்கத்தின் பொன்னிறத்தைப் பார்க்கப் பார்க்க, இத்தனை வருஷமும் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாமலேயே மாட்டிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தான். மறுபடி சாத்தினான். மெல்லிய ரொட்டிகளை அலுமினியத்தாளில் சுற்றிக் கடைசியில் ஓரமாக வைத்துச் சூடாக்கினான். எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது வக்கீல் எலுமிச்சையைப் பிழிந்தாள். ஆளுக்கொரு ரொட்டி சுருட்டிக் கடித்தார்கள். வக்கீல் பேசாமலிருந்தாள் என்பதைவிடப் பெரிய சான்றிதழ் அந்த வீட்டில் கிடையாது.

"அம்மாவுக்கு?" என்றாள், வாய் காலியானதும்.

தெருமுனையில்தான் டிராம் நிற்கும். இரண்டு ரொட்டி சுருட்டி, தாளில் பொதிந்து, டப்பாவில் போட்டுக்கொண்டு இருவரும் ஓடினார்கள். வண்டி வந்தது. ஓட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். கொக்கி எம்பி டப்பாவை நீட்டினான்.

"என்னங்க, யாருக்கு என்னாச்சு?" அவள் பதறினாள்.

"ஒண்ணுமில்ல. கடைசி ஸ்டாப்புல சாப்பிடு."

கதவு சாத்திக்கொண்டது, வண்டி போய்விட்டது. அது கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வரும்வரை இருவரும் எதிர்ப்பக்க நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. ஒரு பெண் சைக்கிளில் வெற்றுக் கூடையோடு போனாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கொக்கி நகத்தைக் கடித்தான். நகத்தில் இன்னும் சீரக வாசனை இருந்தது.

டிராம் திரும்பி வந்து நின்றது. சின்ன ஜன்னல் திறந்தது.

"உண்மையைச் சொல்லுங்க. என் தம்பி பண்ணானா?"

"சத்தியமா நான்தான்."

"பொய். அவன் கடையிலேர்ந்து வாங்கினதுதானே? அங்க ஒரு டிரைவர் அண்ணன் பாதியைப் பிடுங்கித் தின்னுட்டாரு. எந்த ஓட்டல்னு கேக்கறாரு."

"அம்மா, கறி மட்டுந்தான் மாமாகிட்ட வாங்கினது!" வக்கீல் முன்னால் வந்தாள். "டப்பால மிச்சம் இருக்கா? திறந்து பாருங்க. மிளகாயெல்லாம் எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருக்கு?"

மனைவி டப்பாவைத் திறந்தாள். மிச்சமிருந்த அரை ரொட்டிக்குள் குடைமிளகாயும் கோழியும் அளவெடுத்த மாதிரி ஒரே நீளத்தில், ஒரே திசையில், ஒன்றுக்கொன்று கொஞ்சம் இடம் விட்டுப் படுத்திருந்தன. சுருட்டிய ரொட்டிக்குள்ளேயும் இடைவெளி! அப்படிச் செய்யக்கூடிய பிறவி பூமியில் ஒன்றுதான் இருக்க முடியும். அவள் அதையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு நடுவில் அவள் முகம் கொஞ்சம் வாடியது.

"அப்போ நான் இல்லாமலே நடக்கும்" என்றாள்.

கொக்கி நல்ல வார்த்தை ஒன்றைத் தேடினான். கிடைக்கவில்லை. "நடக்கும்" என்றான். "ஆனா உப்பு சரியா இருக்கான்னு எங்களுக்குச் சொல்லத் தெரியல."

"கம்மி" என்றாள் அவள் உடனே. முகம் தெளிந்தது. "நல்லாவே கம்மி."

பின்னால் காய்கறிப் பையோடு நின்றிருந்த ஒரு அம்மாள் பொறுமையிழந்தாள். "ஏம்மா, உப்பை வீட்டுல போய்ப் போட்டுக்கலாம். வண்டியை எடு!"

"எடுக்கறேன்மா, எடுக்கறேன்." ஜன்னலைச் சாத்துமுன் அவள் கொக்கியைப் பார்த்துக் குனிந்தாள். "நாளைக்குச் சரின்னு சொல்லிடறேன். இந்த வண்டி எனக்குத்தான்."

டிராம் திருப்பத்தில் மறைகிறவரை கொக்கி பார்த்துக்கொண்டே நின்றான். முன்கண்ணாடி முழுக்க மங்கிக்கொண்டிருந்த வானம். அதன் நடுவில் அவள் தலை.

வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவ உட்கார்ந்தபோதுதான் வக்கீல் கேட்டாள்.

"அப்பா, இனிமே அம்மாவுக்கு தினமும் சாயங்கால வண்டிதானே?"

"ஆமா."

"அப்போ நாளைக்கு என்ன சமையல்?"

கொக்கியின் கை சோப்பு நுரைக்குள் அசையாமல் நின்றது. அந்தப் பக்கத்தை அவன் யோசிக்கவே இல்லை. அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சமையல். அதையும் இன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான். நாளைக்கு, அதற்கு மறுநாள், அதற்கும் மறுநாள் என்று சாயங்காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டத்தில் மாட்டக் காத்திருக்கிற சாமான்கள் மாதிரி அவன் கண்முன்னால் நீண்டன.

"முதல்ல மிச்சத்தைச் சாப்பிடலாம்" என்றான்.